லீவர் மேல் இன்னொரு கை

அந்த அக்காவின் பெயரை எழுதப்போவதில்லை. எழுதாவிட்டாலும் விருத்தாசலத்தில் பாதிப் பேர் கண்டுபிடித்துவிடுவார்கள் என்பது வேறு விஷயம். கல்யாண வீட்டில் நீங்கள் பாட்டுக்குச் சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு பந்திக்குள் நுழைவீர்கள். இரண்டு இலை தாண்டுவதற்குள் பின்னாலிருந்து ஒரு கை வந்து கரண்டியை வாங்கிக்கொள்ளும். "நீங்க போயி உக்காருங்க, நான் இருக்கேன் இல்ல" என்று ஒரு குரல். திரும்பிப் பார்த்தால், குட்டையாக, காட்டன் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு ஒருவர் அடுத்த இலைக்குப் போயிருப்பார். அவர்தான்.

பிடுங்கினார் என்று சொல்லவும் முடியாது. அவ்வளவு மெதுவாக வாங்குவார். நமக்கும் அப்பாடா என்று இருக்கும். அதுதான் அதிலிருக்கிற வம்பு. ஒரு தடவை சேத்தியாத்தோப்புக் கூட்ரோட்டில் பஸ்ஸைப் பின்னால் எடுக்கவேண்டியிருந்தது. கண்டக்டர் விசிலை வாயில் வைத்தபடி நிற்கிறார், அக்கா ஜன்னல் சீட்டிலிருந்து எழுந்து இறங்கிப்போய்ப் பஸ்ஸின் முதுகைத் தட்டி "வரட்டும், வரட்டும்" என்கிறார். டிரைவரும் அந்தக் குரலைக் கேட்டுத்தான் எடுத்தார். கண்டக்டர் என்னைப் பார்த்தார். நான் எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் வெள்ளாற்றுப் பக்கம் பார்த்தேன்.

தொழிற்பேட்டையில் அக்காவுக்கு ஒரு சின்ன யூனிட் இருந்தது. பழைய வீடுகளில் மெயின் போர்டைத் திறந்தால் வெள்ளையாகப் பீங்கான் ஃபியூஸ் கட்டை இருக்குமே, அதைச் செய்கிற இடம். மண்ணை அச்சில் அழுத்துவது, காயவைப்பது, பாலிஷ் போடுவது எல்லாம் பெண்கள். சூளைக் கதவில் ஒரு சின்ன ஓட்டை உண்டு. அதன் வழியாகப் பார்த்தால் உள்ளே விரல் நீளத்துக்கு ஒரு மண்கூம்பு நிற்பது தெரியும். சூடு பதத்துக்கு வந்ததும் அந்தக் கூம்பு தலை கவிழும். அப்போது பர்னரை அணைக்கவேண்டும். முந்தினால் சரக்கு வேகாது, பிந்தினால் கோணிக்கொள்ளும். அந்த ஓட்டையில் கண் வைக்கிற வேலை அக்காவுடையது. கலா என்று ஒரு அம்மாள், யூனிட் திறந்த காலத்திலிருந்து அங்கே வேலை செய்தவர், அந்த ஓட்டைக்குள் ஒரு நாளும் பார்த்ததில்லை. "எனக்கு எதுக்கு சார் அதெல்லாம், அக்கா இருக்காங்க" என்பார். கலாவுக்கு அதில் குறை இருந்ததாகத் தெரியவில்லை. அப்போது எனக்கும் அது குறையாகப் படவில்லை.

நான் அந்த ஊரில் ஒரு பள்ளிக்கூடத்தில் பிசிக்ஸ் வாத்தியார். சொந்த ஊர் ஸ்ரீமுஷ்ணம். கோபக்காரன் என்று பெயர் எடுத்தவன். உலகம் கோபப்படுகிற மாதிரிதானே இருந்தது, நான் என்ன செய்ய. பள்ளியில் விமானப் பிரிவு கேடட் பிள்ளைகளுக்குப் பொறுப்பாளர் வேண்டும் என்று கூட்டம் போட்ட அன்று நான் லீவு. வராதவன் தலையில் கட்டிவிட்டார்கள். மறுநாள் வந்து தலைமையாசிரியரிடம் சத்தம் போட்டேன். அவர் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார். அப்படித்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் கிளைடர் ஏற்றப் போக ஆரம்பித்தேன்.

மங்கலம்பேட்டையைத் தாண்டி, உலகச் சண்டைக் காலத்தில் வெள்ளைக்காரர்கள் போட்டுவிட்டுப் போன ஓடுதளம் ஒன்று கிடந்தது. வாரம் முழுக்க அதில் எள்ளும் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் காயும். ஞாயிறு காலையில் அதையெல்லாம் ஓரம் தள்ளிக் கூட்டிவிட்டு நாங்கள் கிளைடரை உருட்டிக்கொண்டு வருவோம். கிளைடர் கேடட் படையின் மேலிடத்துக்குச் சொந்தம், இரண்டு பேர் உட்காரலாம். ஓட்டக் கற்றுக்கொடுப்பவர் விமானப்படையில் இருந்து ஓய்வு பெற்றவர், நெய்வேலியிலிருந்து ஸ்கூட்டரில் வருவார். கேப்டன் என்று கூப்பிடுவோம். தான் எந்தக் காலத்திலும் கேப்டனாக இருந்ததில்லை என்று சொல்லிச் சொல்லி அவருக்கு அலுத்துப்போயிற்று. எங்கள் யாருக்கும் சம்பளம் கிடையாது. விருப்பப்பட்டு வருகிறவர்கள், அவ்வளவுதான்.

கிளைடருக்கு இன்ஜின் இல்லை. அதை யாராவது இழுத்து மேலே ஏற்றவேண்டும். ஓடுதளத்தின் ஒரு முனையில் கிளைடர் நிற்கும், மறுமுனையில் விஞ்சு. விஞ்சு என்றால் ஒரு பழைய லாரி இன்ஜின், அதில் பூட்டிய பெரிய உருளை, சுற்றிலும் கம்பிக் கூண்டு, உள்ளே ஒரு சீட்டு, ஒரு லீவர். இரண்டுக்கும் நடுவே இரும்புக் கயிறு. தூரத்தில் கொடி அசைந்ததும் விஞ்சில் இருப்பவர் கயிற்றின் தொய்வை மெல்ல எடுக்கவேண்டும். கயிறு விறைத்ததும் லீவரைத் தள்ளவேண்டும். உருளை சுற்றச் சுற்ற கிளைடர் ஓடி, எழும்பி, நட்டுக்குத்தலாக ஏறும். உச்சியில் கயிறு கழன்று விழும். அதற்கப்புறம் காற்றாச்சு, கேப்டனாச்சு. ஏறுகிற அந்தக் கொஞ்ச நேரத்தில் மட்டும், மேலே இருக்கும் இரண்டு உயிரும் கீழே லீவரைப் பிடித்திருக்கும் கையில். கூடத் தள்ளினால் இறக்கைக்கு ஆகாது, குறைத்தால் கிளைடர் நடுவானில் தொங்கிப்போகும்.

அந்தக் கை அக்காவின் கை.

எப்படி அவர் அங்கே வந்து சேர்ந்தார் என்று எனக்குச் சரியாகத் தெரியாது. நான் வரும்போதே கூண்டுக்குள் உட்கார்ந்திருந்தார். காலேஜில் படித்தபோது கேடட்டாக இருந்து கொஞ்சம் பறந்தவர் என்று கேப்டன் சொன்னார். ஞாயிற்றுக்கிழமையில் சூளை போடமாட்டார். ஓடுதளத்துக்கு எல்லோருக்கும் முன்னால் வந்து, மெஷின் துடைக்கிற காட்டன் வேஸ்ட்டைக் கையில் சுற்றிக்கொண்டு, அந்தக் கயிறு முழுவதையும் தடவிக்கொண்டே நடப்பார். எங்காவது ஒரு இழை பிய்ந்திருந்தால் கையில் குத்துமாம். நடந்து முடித்தால்தான் இன்ஜினைத் தொடுவார். பிள்ளைகள் அவரை விஞ்சு மேடம் என்றார்கள்.

கெட்டிக்காரர் என்பதில் சந்தேகமே வேண்டாம். ஒரு சித்திரை மாதம், மேலே போகும் பாதி வழியில் திடீரென்று ஒரு காற்று அடித்து கிளைடரின் மூக்கு வெட்டிக்கொண்டு திரும்பியது. கீழே நின்ற எங்களுக்கு வாயைத் திறக்கக்கூட நேரமில்லை. அதற்குள் அக்கா லீவரை ஒரு மயிரிழை தளர்த்தி, மறுபடி பிடித்துவிட்டார். கேப்டன் இறங்கியதும் ஸ்கூட்டரை எடுக்காமல் ஓடுதளம் முழுக்க வெயிலில் நடந்து விஞ்சுக்கு வந்தார். கும்பிட்டார். "நீங்க இல்லாத அன்னைக்கு நான் இதுல ஏற மாட்டேம்மா" என்றார். அக்கா சிரித்தார். "நான் இருக்கேன் இல்ல சார்."

அதைப் பெருமையாக ஊர் முழுக்கச் சொன்னோம். நானே ஸ்டாஃப் ரூமில் பல தடவை சொல்லியிருக்கிறேன். ஒரே ஆள் இல்லாமல் ஓடாத வண்டியைப் பற்றி யாராவது பெருமைப்படுவார்களா? நாங்கள் பட்டோம்.

சிக்குன்குனியா ஊரையே மடக்கிப் போட்ட வருஷம். தெருவில் நடப்பவர்கள் எல்லாம் முட்டியைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். அந்த ஞாயிறு அக்கா வரமாட்டார் என்று நினைத்து, பிள்ளைகளுக்கு வெறும் பாடம் மட்டும் எடுக்கலாம் என்று இருந்தோம். ஒரு ஆட்டோ வந்து நின்றது. உள்ளேயிருந்து இறங்க முடியாமல் அக்கா. இரண்டு பெண் பிள்ளைகள் தாங்கிப் பிடித்து இறக்கினார்கள். விரல்கள் வெண்டைக்காய் கனத்துக்கு வீங்கியிருந்தன. எனக்கு வந்த ஆத்திரத்தில் பிள்ளைகள் முன்னால் என்றும் பார்க்காமல் கத்திவிட்டேன்.

"உங்களுக்குப் புத்தி கித்தி இருக்குதாக்கா? இந்தக் கையை வெச்சிக்கிட்டு என்னா பண்ணப் போறீங்க?"

"ரெண்டு கையாலயும் பிடிச்சிக்குவேன் சார். நீங்க ஏன் சத்தம் போடுறீங்க."

"யாருக்காச்சும் கத்துக்குடுங்கன்னு எத்தினி தடவை சொல்றது? என்கிட்ட குடுங்க, நான் கத்துக்கறேன். நாளைக்கு உங்களுக்கு ஒண்ணுன்னா இந்தப் புள்ளைங்க என்னா ஆவுறது?"

"அதான் நான் இருக்கேன் இல்ல."

"இருக்கீங்க. அதாங்க்கா எனக்குப் பயமா இருக்குது."

அக்கா மறுபடி ஆட்டோவிலேயே ஏறிக்கொண்டார். கயிற்றைத் தடவ முடியாததால் ஆட்டோவை அதன் ஓரமாக மெல்ல ஓட்டச் சொல்லி, தலையை வெளியே நீட்டிப் பார்த்துக்கொண்டே போனார். அன்றைக்கும் எல்லாப் பிள்ளைகளையும் ஏற்றி இறக்கினார். ஒவ்வொரு தடவை லீவரைத் தள்ளும்போதும் முகம் கோணியது. சாயங்காலம் அவரை ஆட்டோவில் தூக்கி உட்காரவைத்தபோது என் கோபமெல்லாம் போய் அழுகை வந்துவிட்டது, காட்டிக்கொள்ளவில்லை.

ஏன் இப்படி என்று ஒரே ஒரு முறை பேச்சு வந்தது. மங்கலம்பேட்டையில் டீ குடித்துக்கொண்டிருந்தோம். அக்கா தானாகவே ஆரம்பித்தார். காலேஜ் காலத்தில் வேறொரு ஊரில், விஞ்சுக்காரர் ஒண்ணுக்குப் போகிற அவசரத்தில் பக்கத்திலிருந்தவர் கையில் லீவரைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். மேலே இருந்தது அக்காவின் ஹாஸ்டல் தோழி. கிளைடர் முக்கால் உயரத்திலிருந்து தடாலென்று இறங்கி, அந்தப் பெண்ணுக்கு இடுப்பு போய்விட்டது. "அதுக்கப்புறம் அவ குனிஞ்சு கோலம் போட்டதில்ல சார்" என்றார். அதோடு டீ கிளாஸை வைத்துவிட்டு எழுந்துவிட்டார்.

காரணம் அதுதான் என்று நானும் கொஞ்ச நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு அவருடைய தங்கையைப் பார்த்தபோது இதைச் சொன்னேன். அந்தம்மா சிரித்த சிரிப்பில் கையிலிருந்த பை கீழே விழுந்தது. "அட நீங்க வேற. நான் அஞ்சாங்கிளாஸ் படிக்கும்போதே என் தலையை என்னையப் பின்ன வுட மாட்டாங்க சார். என் கல்யாணத்தன்னைக்கும் அவங்கதான் பின்னுனாங்க." ஆக, எது முந்தி எது பிந்தி என்று எனக்குத் தெரியாது.

அந்தச் சமயத்தில் பர்வீன் என்றொரு பெண் கேடட்டாக இருந்தாள். மங்கலம்பேட்டைக்காரி, பிளஸ் டூ. அத்தா சவூதியில். ஓடுதளத்துக்குப் பக்கத்து ஊர் என்பதால் சைக்கிளிலேயே வந்துவிடுவாள். அத்தனை பிள்ளைகளில் தனியாக ஓட்டத் தயாரானவள் அவள் ஒருத்திதான். கேப்டன் இல்லாமல், பின் சீட்டு காலியாக, அவள் மட்டும். பரீட்சை முடிந்தால் கிளைடரெல்லாம் கிடையாது என்று வீட்டில் பேச்சு. ஆனால் அத்தா போனில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறார்: "தனியா ஓட்டுற போட்டோ ஒண்ணு அனுப்பும்மா, ரூம்ல இருக்கிற ஆளுங்ககிட்ட காட்டணும்." அதை எங்களிடம் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவேண்டும். பொங்கல் கழிந்து முதல் ஞாயிறு அவளைத் தனியாக அனுப்புவதாகக் கேப்டன் வாக்குக் கொடுத்தார்.

அதற்கு முன்னால் மேலிடத்திலிருந்து தகவல் வந்தது. விருப்பப்பட்டு வருபவர்களை வைத்து நடத்தும் இடங்களை எல்லாம் ஒவ்வொன்றாகப் பார்க்கப்போகிறார்களாம். ஒவ்வொரு வேலைக்கும் இரண்டு ஆள் இருக்கவேண்டும். ஒருவர் வராவிட்டால் இன்னொருவர் செய்யவேண்டும். அப்படி இருந்தால் கிளைடர் இங்கேயே இருக்கும், இல்லாவிட்டால் சம்பள ஆள் வைத்து நடத்தும் பெரிய ஊருக்குப் போய்விடும். எனக்கு அதில் குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை, நியாயமான பேச்சு. கேப்டனுக்கு மாற்றாக ஒருவர் புதுச்சேரியில் கிடைத்தார். விஞ்சுக்கு நான்.

அக்கா மறுக்கவில்லை. அதைச் சொல்லவேண்டும். "கத்துக்குங்க சார், நல்லதுதான்" என்றார். என்னைச் சீட்டில் உட்காரவைத்து, தான் கூண்டு ஓரமாக நின்றுகொண்டார். எதற்கு எது என்று பொறுமையாகச் சொன்னார். கயிறு தொய்ந்தால் இன்ஜின் சத்தம் எப்படி மாறும், கிளைடர் வால் ஆட்டினால் என்ன அர்த்தம், எல்லாம். நல்ல வாத்தியார். நான் சொல்கிறேன், எனக்கு அந்தத் தொழில் தெரியும். கொடி அசையும். நான் தொய்வை எடுப்பேன். லீவரைத் தள்ள ஆரம்பிப்பேன். அப்போது என் கைமேல் ஒரு கை வந்து உட்காரும்.

அழுத்தாது. சும்மா இருக்கும். ஆனால் அது வந்தபின் லீவர் யார் சொல்லித் தள்ளப்படுகிறது என்று எனக்குத் தெரியாது. "அக்கா, கை" என்பேன். "ஆமா ஆமா" என்று எடுத்துவிடுவார். அடுத்த தடவை மறுபடி. ஒரு ஞாயிறு அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொள்ளச் சொன்னேன். கட்டிக்கொண்டார். கிளைடர் பாதி ஏறும்போது கை வந்துவிட்டது. பிள்ளைகள் தூர நின்று சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அக்காவே சிரித்தார். "அது பாட்டுக்கு வருது சார், நான் என்னா பண்ண." வெறும் கிளைடரில் மணல் மூட்டையா வைத்து ஏற்ற முடியும்? எப்போது ஏற்றினாலும் மேலே பிள்ளைகள்தான். அதனால் ஒரு தடவைகூட, ஒரே ஒரு தடவைகூட, நான் தனியாக யாரையும் ஏற்றியது கிடையாது.

பார்வையிட வந்த அதிகாரி நல்ல மனுஷர். அதுதான் இன்னும் வயிற்றெரிச்சல். கறாரான ஆளாக வந்திருந்தால் அவரைத் திட்டியாவது மனசை ஆற்றிக்கொண்டிருப்பேன். மார்கழியில் ஒரு ஞாயிறு, காலைப் பனி விலகியதும் வந்தார். பிள்ளைகளோடு சேர்ந்து கிளைடரைத் துடைத்தார். நாங்கள் கொண்டுவந்திருந்த வெண்பொங்கலைச் சாப்பிட்டு, இன்னும் கொஞ்சம் கேட்டார். இந்த இடம் நிற்கவேண்டும் என்று அவருக்கு ஆசை இருந்தது, பேச்சிலேயே தெரிந்தது. மற்றதெல்லாம் பார்த்து முடித்துக் கடைசியாக விஞ்சுக்கு வந்தார்.

"மேடம், சார் ஏத்தட்டும். நீங்க பக்கத்துலயே நில்லுங்க, ஆனா தொடக்கூடாது. ஏதாவது ஆபத்துன்னு தெரிஞ்சா மட்டும் தொடலாம். அப்ப கட்டாயம் தொடணும். சரிங்களா?"

"சரிங்க."

மறுமுனையில் பர்வீன் முன் சீட்டிலும் கேப்டன் பின் சீட்டிலும் ஏறினார்கள். நான் சீட்டில் உட்கார்ந்தேன். உள்ளங்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டேன். அக்கா கூண்டின் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். கொடி அசைந்தது. தொய்வை எடுத்தேன். கயிறு விறைத்தது. லீவரைத் தள்ளினேன். கிளைடர் ஓடியது, தரையை விட்டது, மூக்கைத் தூக்கியது. எனக்குள் ஏதோ ஒன்று அடங்கி அமைதியானது. கை தன்னால் போய்க்கொண்டிருந்தது. இதோ வருகிறது, எனக்கு வருகிறது என்று நினைத்தேன்.

அப்போது அந்தக் கை வந்தது.

எங்கள் ஓடுதளத்தில் அவ்வளவு அழகாக ஒரு கிளைடர் ஏறி நான் பார்த்ததில்லை. குலுங்கலில்லை, தயக்கமில்லை. உச்சியில் கயிறு கழன்று விழுந்தது. கிளைடர் பர்வீனையும் கேப்டனையும் சுமந்துகொண்டு சத்தமில்லாமல் வட்டமடித்தது. நான் இன்ஜினை அடக்கினேன். அக்காவின் கை இன்னும் என் கைமேல் இருந்தது. அதை நாங்கள் மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அதிகாரி அக்காவிடம் கேட்டார். "ஏதாவது ஆபத்து இருந்துச்சுங்களா மேடம்?"

இருந்தது என்று சொன்னால் நான் லாயக்கில்லாதவன். இல்லை என்று சொன்னால் அவர் தொட்டது தப்பு. அக்காவுக்குப் பொய் சொல்ல வராது.

"ஆபத்துலாம் ஒண்ணும் இல்லீங்க. சார் நல்லாத்தான் தள்ளுனாரு."

"அப்புறம் ஏன் தொட்டீங்க?"

அக்கா தன் கையைப் பார்த்தார். "நான் இருக்கேன் இல்லங்க" என்றார்.

"பரவால்ல. இன்னொரு தடவை ஏத்தலாம்."

"வேணாங்க. மறுபடியும் பிடிச்சிடுவேன்."

அதிகாரி என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். அந்த மனுஷர் எங்களுக்காக எவ்வளவு தூரம் இறங்கி வந்தார் என்று நினைத்தால் இப்போதும் மனசு கேட்கவில்லை. "சரி, ஏத்தவே வேணாம். கத்துக்குடுத்தவங்க நீங்க. இவரு தனியா செய்வாருன்னு வாயால ஒரு வார்த்தை சொல்லுங்க. எனக்கு அது போதும்."

ஒரே ஒரு வார்த்தை. நான் அக்காவின் முகத்தையே பார்த்தேன். சொல்லுங்கக்கா, சொல்லித் தொலைங்கக்கா என்று உள்ளுக்குள் கெஞ்சினேன். அவர் அண்ணாந்து பார்த்தார். கிளைடர் எங்கள் தலைக்கு மேலே வந்து திரும்பியது. வெயில் பட்டு இறக்கை மின்னியது.

"புள்ளைங்க மேல இருக்குதுங்க" என்றார் அக்கா. "எப்படிங்க சொல்றது?"

கிளைடர் தரையிறங்கியதும் பர்வீன் ஓடிவந்தாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. "சார், இன்னைக்கு லாஞ்ச் செமயா இருந்துச்சு சார். யாரு ஏத்துனது, நீங்களா மேடமா?" என்று கேட்டாள். அக்கா காட்டன் வேஸ்ட்டை எடுத்து லீவரைத் துடைக்க ஆரம்பித்தார். நான் ஏதோ வேலை இருப்பதுபோல் கயிற்றுப் பக்கம் போய்விட்டேன்.

பொங்கலுக்கு முன்பே லாரி வந்தது. இறக்கையைக் கழற்றிப் படுக்கவைத்து, வைக்கோல் அண்டக்கொடுத்து, தார்ப்பாய் போட்டுக் கட்டிக்கொண்டு போனார்கள். இறக்கையை எப்படிப் பிடிக்கவேண்டும் என்று லாரிக்காரர்களுக்குத் தெரியவில்லை. அக்காதான் "நீங்க வுடுங்க, நான் இருக்கேன் இல்ல" என்று போய்ப் பிடித்து ஏற்றிக்கொடுத்தார். எனக்கு அப்படியே பற்றிக்கொண்டு வந்தது. யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் பஸ் ஏறிவிட்டேன்.

பிள்ளைகள் வேண்டுமானால் பெரிய ஊருக்கு வந்து கற்றுக்கொள்ளலாம் என்று சொல்லியிருந்தார்கள். பையன்கள் இரண்டு பேர் கொஞ்ச நாள் போய் வந்தார்கள். பர்வீனை அவ்வளவு தூரம் யார் அனுப்புவார்கள்? அவள் அத்தாவுக்கு அனுப்பிய போட்டோவில் கேப்டனும் இருந்தார். "பின்னாடி உக்காந்திருக்கிறது யாருன்னு அத்தா கேட்டாரு சார்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். பிறகு ஒரு தடவை மங்கலம்பேட்டைக் கடைத்தெருவில் பார்த்தபோது இடுப்பில் குழந்தை. சந்தோஷமாகத்தான் இருந்தாள். எல்லோரையும் விசாரித்தாள். கிளைடரைப் பற்றி மட்டும் கேட்கவில்லை.

நான் அக்காவிடம் இரண்டு வருஷம் பேசவில்லை. கல்யாண வீடுகளில் அவர் இருக்கும் பந்திக்குப் போகமாட்டேன். ஓடுதளத்தில் ஏழு நாளும் எள் காய ஆரம்பித்தது.

அப்புறம் ஒரு நாள், பள்ளி லேபில் பொருள்களைச் சூடாக்கப் பீங்கான் மூசைகள் வேண்டும் என்று தொழிற்பேட்டைக்குப் போனேன். வேறு யூனிட்டுக்குத்தான் போனேன், பூட்டியிருந்தது. திரும்பும்போது அக்கா வாசலில் நின்று பார்த்துவிட்டார். "வாங்க சார்" என்றார், நேற்றுத்தான் பார்த்தவர் போல. உள்ளே போனேன். பகல் பதினோரு மணி இருக்கும். சூளை இரைந்துகொண்டிருந்தது. எனக்கு நாற்காலி போட்டுவிட்டு, தான் மரச்சட்டங்கள் அடித்த பழைய ஸ்டூலில் உட்கார்ந்தார். உட்காரும்போது இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். சின்னப் பிள்ளைகள் குளிருக்கு வைத்துக்கொள்வார்களே, அந்த மாதிரி. கை வலியோ என்று நினைத்தேன்.

சூளையருகே கலா நின்றிருந்தார். ஓட்டையில் கண்ணை வைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

"அக்கா, மடங்குன மாதிரி இருக்குது. வந்து பாருங்களேன்."

"நீ பாரு" என்றார் அக்கா.

"எனக்குப் பயமா இருக்குதுக்கா."

"நீதான் பாக்கணும் கலா. உனக்கு என்னா தோணுதோ அதைச் செய்யி."

கலா மறுபடி பார்த்தார். யோசித்தார். பர்னரின் வால்வைத் திருகினார். சூளையின் இரைச்சல் தணிந்து நின்றது. அக்கா என் பக்கம் லேசாகக் குனிந்து, கலாவுக்குக் கேட்காத குரலில் சொன்னார்: "கொஞ்சம் முந்திட்டா."

"சொல்லியிருக்கலாமே."

"ஒரு சூளை போனா போவுது சார்."

சூளை ஆறுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அவர் தரையைப் பார்த்தபடியே கேட்டார்.

"அன்னைக்கு... உங்க கை சரியாத்தான் போயிக்கிட்டு இருந்துச்சா சார்?"

இரண்டு வருஷமாக இதே கேள்வியைத்தான் நானும் கேட்டுக்கொண்டிருந்தேன். இல்லக்கா, நீங்க பிடிச்சதாலதான் ஏறிச்சு என்று சொல்லியிருக்கலாம். அவர் கொஞ்சம் நிம்மதியாகத் தூங்கியிருப்பார். என் வாய்க்கு அந்த நல்ல புத்தி எப்போது இருந்திருக்கிறது.

"தெரியலக்கா" என்றேன். "நீங்க தெரிஞ்சுக்க வுடலியே."

அவர் தலையை ஆட்டினார். கலா, நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "அணைச்சிட்டேன்க்கா, சரியா?" என்று கேட்டார். "சரிதாம்மா" என்றார் அக்கா. எனக்கு மோர் கொண்டுவருவதற்காக எழுந்தார். அப்போதுதான் கைகளை வெளியே எடுத்தார். இரண்டு உள்ளங்கையிலும் ஸ்டூலின் சட்டங்கள் கோடு கோடாகப் பதிந்து சிவந்திருந்தன.